பழைய மோட்டார் சைக்கிளை மதிப்பிடுவது எப்படி?

பாக்கி வசூலுக்குப் போய் நிற்கும்போது ரொக்கத்துக்குப் பதிலாகப் பொருளைக் காட்டுவது நமது தொழிலில் புதிதல்ல. இந்த நாற்பது ஆண்டுகளில் நமது கிட்டங்கிக்கு மேடைத் தராசு வந்திருக்கிறது, மாவு அரைக்கும் மோட்டார் வந்திருக்கிறது, ஒரு முறை கறவை மாடுகூட வந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் விலை போட நமக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்தவர் அடுத்த தெருவில் இருப்பார். ஆனால் 2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், சாத்தூர்ப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர், காலஞ்சென்ற தம் தகப்பனாரின் புல்லட் மோட்டார் சைக்கிளைக் காட்டி, "இதை எடுத்துக்கிட்டு கணக்கை முடிச்சிடுங்க, அண்ணாச்சி" என்று சொன்னபோது நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பருப்பும் வத்தலுமாக அவர் நமக்குத் தர வேண்டிய பாக்கி 86,400 ரூபாய். வண்டி 1974-இல் பதிவான 350 சி.சி. புல்லட். தகப்பனார் 2020 தை மாதத்தில் இறந்த பிறகு யாரும் அதை உதைத்துப் பார்க்கவில்லை. சாக்குப் போட்டு மூடி, கடைக்குப் பின்னால் எண்ணெய் டின்களுக்கு நடுவில் நின்றது. வண்டித் தரகர் ஒருவர் வந்து பார்த்து 30,000 ரூபாய் கேட்டுப் போயிருந்தார். அதையே விலையாக வைத்தால் தம்பிக்கு இன்னும் 56,400 பாக்கி நிற்கும், கடையைத் தொடர்ந்து நடத்துவதே கஷ்டம். நாம் 86,400-க்கு எடுத்துக்கொண்டால் நஷ்டம் நம் தலையில் விழுமா என்பதும் தெரியாது. ஆகவே விலையை நாமே கண்டுபிடிப்பது என்று இறங்கினோம். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம். நம் அன்பர்களில் பலருடைய வீட்டுத் திண்ணையிலோ கிட்டங்கி மூலையிலோ இப்படி ஒரு வண்டி சாக்கு மூடி நிற்கும் என்பது நமக்குத் தெரியும்.

முதலில் நமது பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தகப்பனாரிடம் ஒரு ஜாவா இருந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்தில் தயாரிக்கத் தொடங்கிய வண்டிகளில் ஒன்று. உதைக்கும் கம்பியே கியர் கம்பியாகவும் மடங்கும், பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். 1973-க்குப் பிறகு அந்த நிறுவனத்தின் வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996-இல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். 'கம்பெனியே போய்விட்டது, இனி சாமான் கிடைக்காது, இரும்பு விலைதான்' என்று நாம் கணக்குப் போட்டு, அதே ஆண்டு பழைய இரும்புக் கடைக்கு 1,800 ரூபாய்க்குத் தள்ளிவிட்டோம். இன்று நல்ல நிலையில் உள்ள ஜாவாவுக்கு விலை சொல்பவர்களிடம் நாம் பேச்சுக் கொடுப்பதில்லை, வயிறு எரிகிறது. 2018-இல் ஜாவா பெயரும் 2022-இல் யெஸ்டி பெயரும் புது வண்டிகளில் திரும்பி வந்த பிறகு பழசைத் தேடுகிறவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள்.

அன்று நாம் செய்த பிழை, வண்டியைப் பருப்பு மாதிரி நினைத்தது. துவரம் பருப்பு ஓராண்டு தாண்டினால் வேகாது, வண்டு விழும், விலை இறங்கிக்கொண்டே போகும். ஆனால் அரிசியைப் பாருங்கள். புது அரிசி ஒரு விலை, ஆறு மாதம் கிடந்த பழைய அரிசி கூடுதல் விலை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் முதல் பதினைந்து இருபது ஆண்டு பருப்பு மாதிரி இறங்கும். அதற்குப் பிறகு சில மட்டும் அரிசியாக மாறி ஏறத் தொடங்கும். மற்றவை இரும்பாகிவிடும். எது அரிசி, எது இரும்பு என்று பிரிப்பதுதான் மதிப்பீட்டில் முதல் வேலை.

நமது கணக்குப் புத்தகம் இதற்கு உதவாது. வண்டி கடைப் பெயரில் இருந்தால் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதி எழுதி ஐந்தொகையில் அதன் மதிப்பு நூறு இருநூறு ரூபாயில் நிற்கும். அது வருமான வரிக்கான எண், சந்தைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இன்சூரன்ஸ்காரர்களுடைய அட்டவணையும் அப்படியே. ஆறு மாதத்துக்குள் 5 சதம், ஓராண்டுக்குள் 15 சதம் என்று கழித்துக்கொண்டே போய் ஐந்தாம் ஆண்டில் 50 சதத்தோடு அந்த அட்டவணை முடிந்துவிடும். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கும் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒப்புக்கொண்ட தொகைதான் மதிப்பு. அதாவது அவர்களிடமும் எண் கிடையாது.

பிறகு எதை வைத்துப் பிரிப்பது? நாம் விசாரித்த வகையில், விலை ஏறும் வண்டிக்கு இரண்டு விஷயம் வேண்டும். அதை ஆசைப்பட்டுத் தேடும் ஆட்கள் இருக்க வேண்டும், அவர்கள் வாங்கி ஓட்டுவதற்கு உதிரி பாகம் கிடைக்க வேண்டும். ஆசை என்பது பெரும்பாலும் வாலிபத்தில் வாங்க முடியாமல் போன பொருளின் மேல் வருவது. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ அன்று கல்லூரி வாசலில் பார்த்து ஏங்கிய பையன்கள் இன்று ஐம்பது வயதில் கையில் காசோடு நிற்கிறார்கள். ராஜ்தூத் 350 கதை இன்னும் விசித்திரம். எண்பதுகளில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து தயாரித்த வண்டி அது. பெட்ரோல் குடிக்கிறது, விலை அதிகம், சாமான் கிடைக்கவில்லை என்று அன்று சரியாக விற்கவில்லை, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். அன்று விற்காததாலேயே இன்று எண்ணிக்கையில் குறைவு. குறைவாக இருப்பதாலேயே இன்று கேட்பார் அதிகம். இதற்கு எதிர்ப்பக்கம் நமது டி.வி.எஸ். 50. 1980-இல் ஓசூரிலிருந்து வந்து, நமது மூட்டைகளைச் சுமந்த அளவுக்கு வேறு எந்த வண்டியும் சுமந்ததில்லை. நன்றியுணர்ச்சியில் நாமே அதற்கு விலை கூட்டிச் சொல்லுவோம், வாங்குகிறவர் சொல்ல மாட்டார்.

புல்லட்டின் நிலை தனி. 1955-இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்து பாகங்கள் வந்து திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. நமது ராணுவம் 800 வண்டிகள் கேட்டதுதான் அதற்கு வித்து. 1960-களில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகத் தொடங்கின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது, 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் தயாரிப்பே இல்லை. திருவொற்றியூரில் மட்டும் அதே வார்ப்பிரும்பு என்ஜின் அதிகம் மாறாமல் 2010-ஐ ஒட்டிய காலம் வரை வந்துகொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி.

இந்த நீண்ட ஆயுள் விலையை இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஐம்பது ஆண்டு ஒரே மாதிரி வந்ததால் பிஸ்டன், வால்வு, கிளட்ச் தகடு எல்லாம் இன்றும் மதுரையில் கடையில் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. ஆகவே வாங்குகிறவருக்குப் பயமில்லை. அதே காரணத்தால், 'இது அபூர்வமான வண்டி' என்று சொல்லி விலையை ஏற்றவும் முடியாது. வருடம்தான் பேச வேண்டும். ஐம்பது, அறுபதுகளின் வண்டிக்கு ஒரு மதிப்பு, எழுபதுகளுக்கு ஒரு மதிப்பு, தொண்ணூறுகளின் வண்டி வெறும் பழைய வண்டி.

வருடத்தை எதை வைத்து நம்புவது? டேங்கில் உள்ள பெயர்ப் பட்டயத்தை வைத்து நம்பக் கூடாது. அது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, கடையில் தனியாகவும் கிடைக்கிறது. ஆர்.சி. புத்தகத்தையும், சட்டத்தில் அடித்திருக்கும் சேஸ் எண்ணையும், என்ஜினில் அடித்திருக்கும் எண்ணையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் படித்து எழுதினால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்காமல் நாம் லோடு இறக்குகிறோமா? இதுவும் அப்படித்தான்.

நாம் தேய்த்து எடுத்தோம். சேஸ் எண் ஆர்.சி.யோடு பொருந்தியது. என்ஜின் எண் பொருந்தவில்லை. ஒரு எண் இரண்டு எண் வித்தியாசம் அல்ல, முழுக்க வேறு.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. நமக்கும்தான். இப்படி எண் மாறிய வண்டியை யாரும் பெயர் மாற்ற முடியாது. திருட்டு என்ஜினாக இருக்குமோ என்ற சந்தேகம் முதலில் வரும், அதற்குப் பிறகு அது உதிரி பாக விலைக்குத்தான் போகும். தரகர் 30,000 கேட்டதன் காரணம் இதுதானோ என்றுகூட நினைத்தோம். இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பியே போனில் கூப்பிட்டார். அவருடைய அம்மா ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டியிருக்கிறார். 1986-இல் என்ஜின் மாற்றப்பட்டதும், புதிய எண்ணும், வட்டாரப் போக்குவரத்து அலுவலக முத்திரையோடு அங்கே பதிந்திருந்தது. நாம் எல்லோரும் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டோம். அந்த என்ஜின் வாங்கிய ரசீதையும் அம்மா பழைய சிட்டைக் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மளிகைக் கடைக்காரர் எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார் என்பது நல்லதாகப் போயிற்று.

இதனால் வண்டி திருட்டுப் பழியிலிருந்து தப்பியது. ஆனால் பிறந்தபோது இருந்த என்ஜினோடு இருக்கும் வண்டிக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் கூடுதல் விலை இதற்கு வராது. அதையும் மனத்தில் குறித்துக்கொண்டோம்.

தாள்களின் விலை

வண்டியின் மதிப்பில் பாதி தாளில் இருக்கிறது என்று நமது மெக்கானிக் சொன்னார். பாதி என்பது குறைவு என்று நமக்குத் தோன்றுகிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி இரு சக்கர வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2019 ஐப்பசியில் தகப்பனார் கடைசியாகப் புதுப்பித்திருந்தார். அதன்படி 2024 அக்டோபரில் முடிகிறது. நாம் பேசிக்கொண்டிருந்தது ஆடியில். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் மாதா மாதம் ஏறும், வாங்க வருகிறவரும் தயங்குவார். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே 25-ஆம் எண் படிவத்தில் மனுச் செய்யலாம்.

அதற்கு முன் பெயர் மாற வேண்டும். சொந்தக்காரர் இறந்தால் வாரிசுதாரர் 30 நாளுக்குள் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. இவர் நான்கு ஆண்டு சும்மா இருந்துவிட்டார். இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் இறந்தவர் பெயரிலேயே வண்டி ஓடுகிறதோ! பெயர் மாற்றாமல் கைமாற்றுவது அதைவிட மோசம். 29, 30-ஆம் எண் படிவங்களில் வெறும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, 'நாங்க பார்த்துக்கிறோம்' என்று வண்டியை ஓட்டிப்போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி நாளை யாரையாவது இடித்தால் நஷ்ட ஈடு பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் தலையில்தான் விழும். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 300-லிருந்து 1,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பில் 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ஆகிவிட்டது. இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், வாரிசுச் சான்று அலைச்சல், வண்டியை ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்தும் செலவு. பழைய புத்தக ஆர்.சி. கணினியில் ஏறாமல் இருந்தால் அதை ஏற்றும் வேலை தனி.

ஐம்பது ஆண்டு தாண்டியதால் 'விண்டேஜ்' என்று பதியலாமே என்று நம் பையன் யோசனை சொன்னான். 2021-இல் அதற்கென விதி வந்திருக்கிறது. பத்து ஆண்டு செல்லும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் சட்டம், உடல், என்ஜின் எல்லாம் பெரிய மாற்றமின்றி மூல உருவில் இருக்க வேண்டும். தவிர, அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய் வரலாம், அவ்வளவுதான். என்ஜின் மாறிய வண்டிக்கு இது பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, சாதாரணப் புதுப்பிப்பே நல்லது என்று விட்டோம். ஒன்று சொல்ல வேண்டும். 1989-இல் டி.என். எண் முறை வருவதற்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவு எண்ணுக்கே ஆசைப்படுகிறவர்கள் உண்டு. எண் பலகையைப் பளபளப்பாக மாற்றுகிறேன் என்று அந்த எழுத்து அழகைக் கெடுத்துவிடாதீர்கள்.

வண்டியைப் பார்ப்பது

வாங்கப் போகிறவர் என்றால், 'நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று முன்பே சொல்லிவிட வேண்டும். போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் காலையிலேயே மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய புல்லட்டில் அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரசர் பிடித்து, கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு ஒரே உதை. தெரிந்தவர் உதைத்தால் குளிர்ந்த வண்டியும் மூன்று நான்கு உதையில் எடுக்க வேண்டும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கோ போரோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும், செலவு பெரிது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்புரேட்டரோடு முடிந்துவிடும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து அமைப்பு அதுதான்.

டேங்குக்கும் மட்கார்டுக்கும் ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறது. பட்டி அதிகமாக இருந்தால் உள்ளே துரு தின்றிருக்கும்.

விற்கிறவராக இருந்தால் ஒரே வார்த்தை, பெயிண்ட் அடிக்காதீர்கள். எண்ணெய் தடவிப் பளபளக்கும் பருப்பைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? எதை மறைக்கிறான் என்றுதானே? பழைய வண்டி வாங்குகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மங்கிப்போன கம்பெனிப் பெயிண்டும், டேங்கின் பக்கத்தில் கையால் இழுத்த பொன் கோடும் புது பெயிண்டைவிட விலை பெறும். 15,000 செலவழித்துப் பெயிண்ட் அடித்து, அதனாலேயே விலையை 10,000 குறைத்துக்கொண்டவரை நாம் நேரில் பார்த்தோம்.

விலை போட்டது

இனி கணக்கு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது போல, இந்த வியாபாரத்திலும் படிந்த விலையை யாரும் வெளியே சொல்வதில்லை. வெளியே கேட்பது எல்லாம் கேட்கும் விலை. இரண்டரை லட்சம், மூன்று லட்சம் என்பார்கள். அது சிட்டையில் ஏறாத விலை. நாம் விசாரித்து, வாங்கியவரிடமும் விற்றவரிடமும் தனித்தனியே கேட்டு ஒத்துப்போன விற்பனை இரண்டே இரண்டு. எழுபதுகளின் புல்லட், ஓடும் நிலை, தாள் சுத்தம். ஒன்று 1,65,000-க்குப் படிந்தது, மூல என்ஜின். மற்றொன்று 1,40,000. நமது வண்டி என்ஜின் மாறியது என்பதால் 1,40,000-ஐ எடுத்துக்கொண்டோம்.

அந்த நிலைக்கு வர என்ன செலவு என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கினோம். ரீபோர், பிஸ்டன், வால்வு வேலை 18,000. கார்புரேட்டர் 2,500. வயரிங், பேட்டரி 6,000. இரண்டு டயர், டியூப் 6,500. கேபிள், பிரேக் கட்டை, செயின் 6,000. டேங்கின் உள் துரு எடுக்க 3,500. முன் மட்கார்டு காணவில்லை, எதையோ பொருத்தியிருந்தார்கள். அசல் தேடி வாங்க 4,500. ஆக 47,000. பழைய என்ஜினைத் திறந்தால் எழுதாத செலவு ஒன்று வந்தே தீரும், ஆகவே கால் பங்கு கூட்டி 59,000. தாள் செலவு 9,000. மொத்தம் 68,000.

1,40,000-இல் 68,000 போனால் 72,000. சாக்கு மூடி நின்ற நிலையில் அந்த வண்டிக்கு உச்ச விலை அது. வாங்கிச் செய்து விற்கிறவருக்கு அலைச்சலுக்கும் வட்டிக்கும் பத்தில் ஒரு பங்கு, 14,000 வைத்தால் 58,000. ஆக நின்ற நிலையில் நியாயமான விலை 58,000-க்கும் 72,000-க்கும் நடுவில். தரகர் கேட்டது 30,000. பாக்கி 86,400. இரண்டுமே விலை அல்ல.

58,000-க்கு நாமே எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்து, செய்து, விற்று, 14,000 பார்த்திருக்கலாம், நியாயமும்கூட. ஆனால் தம்பிக்கு 28,400 பாக்கி நிற்கும், நமக்கோ லாபம் வைத்து விற்கும் பழைய வண்டி வியாபாரம் தேவையில்லாமல் வரும். ஜி.எஸ்.டி.யில் பதிவான வணிகர் பழைய வண்டியை விற்றால் லாப வித்தியாசத்துக்கு வரி உண்டு. அப்போது இரு சக்கர வண்டிக்கு 12 சதம், 2025 ஜனவரி முதல் 18 சதம். கடைப் பெயரில் வண்டி வைத்துத் தேய்மானம் எழுதியவர்களுக்கும் இது பொருந்தும். விற்ற விலைக்கும் தேய்ந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி வரும். விற்கும் முன் உங்கள் கணக்கரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி தம் சொந்த வீட்டு வண்டியாக விற்பதில் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே நாம் சொன்ன யோசனை இது. "வண்டி உங்க பேர்லயே இருக்கட்டும். தாளையும், வண்டி எடுத்து ஓடுறதுக்கு வேண்டியதையும் மட்டும் செய்வோம். பணத்தை நாங்க போடுறோம், பாக்கியில ஏத்திக்கிறோம். நீங்களே வித்துக் கொடுங்க." நமது மூத்த பையன் இதைக் கேட்டுவிட்டு, வராத பாக்கிக்கு மேல் கைமுதலையும் கொட்டுகிறீர்களே என்று இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. அவன் சொன்னதிலும் தவறில்லை. விலை படியாவிட்டால் நமக்கு இரண்டும் போயிருக்கும்.

ரீபோரையும் மட்கார்டையும் தொடவில்லை. என்ஜினைத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, வாங்குகிறவர் தம் மெக்கானிக்கை வைத்துத் திறந்துகொள்வதே அவருக்கும் நம்பிக்கை. மற்ற வேலைகள் 24,500. தாள் வேலை 8,600-இல் முடிந்தது. ஆக 33,100. பேரேட்டில் பாக்கி 1,19,500 ஆனது. புரட்டாசியில் வாரிசுப் பெயர் மாறியது, கெடுவுக்குப் பத்து நாள் முன்பு ஆய்வாளர் வண்டியைப் பார்த்துப் புதுப்பித்துக் கொடுத்தார்.

செய்யாமல் விட்ட வேலைகளின் மதிப்பு 22,500, அதற்குக் கால் பங்கு கூட்டினால் சுமார் 28,000. 1,40,000-இல் அதைக் கழித்து 1,12,000 சொல்லும்படியும், 1,00,000-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்றும் தம்பியிடம் சொல்லியிருந்தோம். நீலப் புகை இலேசாக வருகிறது, என்ஜின் 1986-இல் மாறியது, மட்கார்டு அசல் அல்ல, இந்த மூன்றையும் வாங்க வருகிறவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னோம். முதலில் வந்த இருவர் அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். தம்பிக்கு நம் மேல் வருத்தம்தான். மூன்றாவதாக மதுரையிலிருந்து வந்தவர், 'எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்க, நான் பார்க்க என்ன இருக்கு?' என்று சிரித்துவிட்டு, 1986-ஆம் வருட ரசீதை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகை மாதம் 1,04,000-க்குப் படிந்தது. பணம் வங்கி மூலம் வந்தது. பெயர் மாறிய பிறகே வண்டி வாசலைத் தாண்டியது. அம்மா மட்டும், கிளம்பும் முன் இன்னொரு தடவை உதைத்து நிறுத்திக் காட்டச் சொன்னார்.

நம் பாக்கி 15,500 ஆகக் குறைந்தது. தைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, பழைய நோட்டுக் கட்டுகளுக்கு அடியில் சாக்கில் சுற்றிய அசல் முன் மட்கார்டு கிடைத்தது. போன் போட்டதும் மதுரைக்காரர் அடுத்த பஸ்ஸில் வந்து 3,000 கொடுத்து வாங்கிப் போனார். தம்பி அதையும் கொண்டுவந்து வரவு வைத்துவிட்டு, மீதி 12,500-ஐச் சித்திரைக்குள் நான்கு தவணையாகக் கட்டி முடித்தார். இப்போது துவரம் பருப்பு நம்மிடம்தான் எடுக்கிறார், ரொக்கத்துக்கு.